ஜப்பானிடம் எப்படியும் தோற்கப்போகிற இலங்கை போன்ற சின்ன நாட்டு பேஸ்போல் அணிகள் சர்வதேசப் போட்டிகளுக்குப் போய் என்ன பயன்?

பயன் நிறைய இருக்கிறது. ஆனால் ஜப்பானுடன் விளையாடிய ஆட்டத்தின் ஸ்கோரை மட்டும் பார்த்தால் அது தெரியாது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. அதனால் கிரிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1998இல் லண்டன் ஓவலில் இலங்கை இங்கிலாந்தை வென்ற டெஸ்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். முத்தையா முரளிதரன் அந்த ஒரே போட்டியில் 113.5 ஓவர்கள் வீசி 16 விக்கெட் எடுத்தார். சனத் ஜயசூரியவின் 213 ஓட்டங்களும் அரவிந்த டி சில்வாவின் 152 ஓட்டங்களும் இல்லாமல் அந்த வெற்றி வந்திருக்காது, அது உண்மை. ஆனாலும் ஒரு பந்துவீச்சாளர் நாள் முழுக்க ஒரு முனையில் நின்று வீச முடிந்ததால்தான் எங்களைப் போன்ற சின்ன நாடு இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வீழ்த்தியது. கிரிக்கெட் அதற்கு இடம் கொடுக்கிறது.

பேஸ்போல் கொடுக்காது. பிட்சர், அதாவது அங்கே பந்து எறிபவர், ஒவ்வொரு பந்தையும் தோளையும் முழங்கையையும் முறுக்கி முழு பலத்தில் எறிகிறார். நிறைய எறிந்த கை அடுத்த நாளே மறுபடி எறியத் தயாராக இராது. இதற்காகவே, தேசிய அணிகள் மோதும் உலகப் போட்டியான உலக பேஸ்போல் கிளாசிக்கின் 2023 முதல் சுற்றில் ஒரு பிட்சர் ஓர் ஆட்டத்தில் 65 பந்துக்கு மேல் வீசக்கூடாது என்று விதி இருந்தது. 50 பந்தைத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு, 30 பந்தைத் தொட்டால் ஒரு நாள் ஓய்வு. அந்தச் சுற்றில் செக் குடியரசு நான்கு நாட்களில் நான்கு ஆட்டங்கள் விளையாடியது. சீனா, ஜப்பான், தென் கொரியா, அவுஸ்திரேலியா என்று வரிசையாக. முதல் நாளில் 50 பந்து வீசியவர் மிச்ச மூன்று நாளும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஆக, ஒரு முரளி கிடைத்தாலும் போதாது. பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஜப்பானுக்கு 12 தொழில்முறைக் கழகங்கள் இருக்கின்றன. அங்கிருந்து பொறுக்கி எடுப்பது அவர்களுக்குச் சிரமமில்லை. சின்ன நாட்டு அணிகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் பிட்சர் தாக்குப்பிடிப்பார், மூன்றாமவர் வரும்போது ஆட்டம் கையைவிட்டுப் போய்விடும்.

செக் அணியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு மிகவும் தேவையான உதாரணம் அது. சனத்தொகையில் எங்களில் பாதிதான். பயிற்றுநர் பவெல் ஹாடிம் ஒரு நரம்பியல் மருத்துவர். வீரர்களில் தீயணைப்பு வீரர் இருந்தார், மின்வேலை செய்பவர் இருந்தார். 2022 செப்டம்பரில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க்கில் ஸ்பெயினை 3-1 என்று வென்றுதான் டோக்கியோவுக்கு வந்தார்கள். பேஸ்போலில் இரு அணிகளும் மாறி மாறி அடிக்கும் ஒரு முறை ஓர் இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். சீனாவுடனான ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது பின்தங்கி இருந்து, மார்ட்டின் முஸிக் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னில் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே போகும் அடி) முந்தி 8-5 என்று வென்றார்கள்.

அடுத்த நாள் ஜப்பான். மின்வேலைக்காரர் ஒன்ட்ரே சடோரியா, மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொடாத பந்துகளை வைத்துக்கொண்டு ஜப்பானின் நட்சத்திரம் ஷோஹேய் ஓஹ்தானியை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். மறுபக்கம் ஜப்பான் பிட்சர் ரோக்கி சசாக்கியின் 162 கிலோமீட்டர் பந்து செக் வீரர் வில்லி எஸ்கலாவின் முழங்காலில் பட்டது. விழுந்தவர் எழுந்து, தனக்கு ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காக ஓடிக் காட்டினார், அரங்கமே கைதட்டியது. பிறகு சசாக்கி ஒரு பை நிறைய இனிப்புகளோடு அவரைப் பார்க்கப் போனார். ஆட்டம் 10-2 என்று முடிந்தது. செய்தியை மட்டும் படிப்பவருக்கு அது சாதாரணத் தோல்வி. ஆனால் முதல் ஓட்டத்தை எடுத்தது செக், ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸும் நடந்தது. ஏழு இன்னிங்ஸ் முடிவில் பத்து ஓட்ட வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடும் விதி இருக்கிறது; அந்த நிலைக்கு அவர்கள் வரவில்லை. சீனாவை வென்ற அந்த ஒரு வெற்றியால் பிரிவில் நான்காவது இடம் பிடித்து, 2026 கிளாசிக்குக்குத் தகுதிச் சுற்று இல்லாமலே நுழையும் உரிமையைப் பெற்றார்கள். பயன் என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, இலங்கைக்கு வருவோம். இங்கே இந்த ஆட்டம் பலரும் நினைப்பதைவிட வேரூன்றி இருக்கிறது. ஜப்பானிய உதவியுடன் கட்டிய மைதானம் ஹோமாகமவுக்குப் பக்கத்தில் தியகமவில் இருக்கிறது. ஜப்பானியத் தொண்டர்கள் வந்து பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நல்ல வீரர்கள் பெரும்பாலும் முப்படை அணிகளில் இருக்கிறார்கள், சம்பளமும் பயிற்சி நேரமும் அங்கேதான் கிடைக்கும். 2019இல் மேற்காசியக் கிண்ணம் இங்கே நடந்தபோது இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை வென்று கிண்ணத்தை எடுத்தோம். பல வருடங்களாகப் பாகிஸ்தானின் கையில் இருந்த கிண்ணம் அது. அதே வருடம் தாய்வானில் ஜப்பான், கொரியா எல்லாம் வந்த ஆசியச் சம்பியன்ஷிப்பிலும் எங்கள் அணி இருந்தது. கொழும்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு இதில் உண்மையாகவே மனவருத்தம் உண்டு.

எங்கள் பிள்ளைகளுக்கு அடிப்பதும் பிடிப்பதும் ஓடுவதும் புதிதில்லை. மட்டையும் பந்தும் வைத்து ஆடும் எங்கள் நாட்டு விளையாட்டான எல்லே விளையாடாத பாடசாலை குறைவு, மிச்சத்துக்குக் கிரிக்கெட் இருக்கிறது. குறை பிட்சிங்கில்தான். என் அக்காவின் மகன் பாடசாலை அணியில் பிட்சர். அவனைத் தவிர அந்த அணியில் நம்பி அனுப்பக்கூடியவர் இன்னொருவர்தான். ஒரு சுற்றுப்போட்டி முடிந்த பிறகு, "மாமா, தலைக்கு மேல கை தூக்க ஏலாம இருக்கு" என்றான். அவனுக்குப் பதினாறு வயது. இரண்டு பேரை மாறி மாறி வீச வைத்தால் கிண்ணம் வரலாம், ஆனால் தேசிய அணிக்குப் போகும் வயதில் அந்தக் கை மிஞ்சாது. பாடசாலை ஆட்டங்களில் ஒவ்வொரு பிட்சரின் பந்தையும் எண்ணி எழுத வேண்டும், வரம்பு வந்ததும் மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் கட்டாயத்தினாலாவது மூன்றாவது, நான்காவது பிட்சர் உருவாவான். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

சர்வதேசப் போட்டி இங்கேதான் உதவுகிறது. உள்ளூரில் இரண்டு பேரை வைத்து ஒப்பேற்றலாம். நான்கு நாளில் நான்கு ஆட்டம் என்று வரும்போது அந்தக் கணக்கு முதல் இரண்டு நாளிலேயே உடைந்துவிடும். உடைந்ததைக் கண்ட பயிற்றுநர் ஊருக்கு வந்து அடுத்த பிட்சரைத் தேடுவார்.

ஜப்பானை வெல்வோமா என்றால், நான் உயிரோடிருக்கும்போது நடக்கும் என்று நினைக்கவில்லை. எனக்கு அது அவசரமும் இல்லை. பாகிஸ்தானை அடிக்கடி வெல்ல வேண்டும், அப்புறம் ஹொங்கொங், பிலிப்பைன்ஸ். அந்த அணிகளோடு வருடாவருடம் ஆட்டம் கிடைத்தால் மிச்சம் தானாக வரும். அடுத்த முறை தியகமவில் போட்டி நடந்தால் 138 பஸ்ஸில் ஹோமாகமவுக்குப் போய் இறங்குங்கள், அங்கிருந்து பக்கம்தான். ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு எங்கள் பக்கம் யார் வீச வருகிறார் என்று கவனித்துப் பாருங்கள், அணி வளர்ந்திருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.