ஏ.சி. ஓடுகிறது, விளக்கு மங்குகிறது

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். எங்கள் டிராவல் டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) பேட்டரியைச் சென்ற மாதம் நானே மாற்றினேன். கறுப்பு ஒயரை மைனஸில் மாட்டியதும் பொறி பறந்தது. உடனே மாற்றி மாட்டிவிட்டேன். பிறகு முகாம் திடலில் 30 ஆம்பியர் இணைப்பு கொடுத்திருந்தும், இரண்டாம் இரவே விளக்குகள் மங்கித் தண்ணீர் பம்பும் நின்றுவிட்டது. ஏ.சி.யும் மைக்ரோவேவும் மட்டும் குறையின்றி ஓடின. கன்வெர்ட்டரை மாற்ற வேண்டுமா? வீட்டிலும் ஒரு 30 ஆம்பியர் சாக்கெட் வைக்க எண்ணியுள்ளோம்.

பதில்: அவசரப்பட்டுக் கன்வெர்ட்டர் வாங்கிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இரண்டு மின்சாரங்கள் இருக்கின்றன. ஏ.சி.யும் மைக்ரோவேவும் திடலிலிருந்து வரும் 120 வோல்ட்டில் நேரடியாக ஓடுகின்றன. விளக்கு, பம்பு, ஹீட்டரின் விசிறி ஆகியவை 12 வோல்ட்டில் இயங்குகின்றன. முன்னதைப் பின்னதாக மாற்றி, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றுவதே கன்வெர்ட்டரின் வேலை. அது நின்றுபோனதால், நீங்கள் திடலில் இருந்த நேரமெல்லாம் விளக்குகள் பேட்டரியைக் குடித்தே எரிந்திருக்கின்றன.

காரணம் அந்தப் பொறியாகத்தான் இருக்க வேண்டும். காரில் கறுப்பு ஒயர் மைனஸ் என்று பழகிய கை, டிரெய்லரிலும் அப்படியே மாட்டிவிடுகிறது; ஆனால் இவ்வகை வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் இணைப்பின் கறுப்பு ஒயர் பிளஸ், வெள்ளை ஒயர் மைனஸ். இதில் தவறாதவர் குறைவு என்பதால், தலைகீழாக மாட்டினால் தாங்களே எரிந்து மற்றவற்றைக் காப்பதற்கென்று கன்வெர்ட்டரிலோ, அதையொட்டிய ஃப்யூஸ் பலகையிலோ தனி ஃப்யூஸ்கள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும். பச்சை நிறமானால் 30 ஆம்பியர், ஆரஞ்சானால் 40.

முதலில் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளில் வையுங்கள். வெளி மின்சாரம் இல்லாதபோது, முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். கேபிளைச் செருகியதும் அது 13-ஐத் தாண்டி, வழக்கமாக 13.6 அளவில் நிற்க வேண்டும். எண் அசையவே இல்லையென்றால் கன்வெர்ட்டருக்கான பிரேக்கர் விழுந்திருக்கிறதா, பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃப்யூஸுக்கு வாருங்கள். அதே பெட்டிக்குள் 120 வோல்ட்டும் இருப்பதால், திடல் கேபிளைப் பிடுங்கி, பேட்டரியின் மைனஸ் முனையையும் கழற்றாமல் உள்ளே விரல் வைக்கக் கூடாது. ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளிருக்கும் வளைந்த உலோகப் பட்டை அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அதே ஆம்பியர் ஃப்யூஸையே போடுங்கள். அதன் பிறகும் வோல்ட் ஏறாவிட்டால்தான் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டு சாக்கெட் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. டிரெய்லரின் 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டுக்கானது. வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 30 ஆம்பியர் இணைப்போ 240 வோல்ட். "30 ஆம்பியர்" என்று மட்டும் சொன்னால் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கூடப் பழக்கத்தில் 240 கொடுத்துவிடுவதுண்டு. செருகிய நொடியில் மைக்ரோவேவ் முதல் கன்வெர்ட்டர் வரை கருகிவிடலாம். ஆகவே 120 வோல்ட் என்று எழுதியே கொடுங்கள். வேலை முடிந்ததும் இரு மின்கம்பித் துளைகளுக்கிடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். 120-ஐ ஒட்டிய எண் வராதவரை கேபிளைச் செருகாதீர்கள்.