காரைக்குடிச் சாமான் வீட்டுக்கு வந்த பிறகு: கேள்வி பதில்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படித் துலக்குவது, வீட்டில் எங்கே வைத்துப் புழங்குவது என்று வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி (கோவை): முதன்முறையாகப் போகிறேன் ஐயா. கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்? ஏமாறாமல் இருக்க வழி உண்டா?

முதலில் வீட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சுவரின் அகலம், வாசற்கதவின் அகலம், மாடிப்படித் திருப்பம், லிஃப்டின் உயரம் எல்லாம் வேண்டும். வாங்கிய பெட்டகம் படி திரும்பாமல் வாசலிலேயே நின்றுபோவதுதான் அதிகம் நடக்கிற கூத்து.

பையில் அளவு டேப், காந்தம், டார்ச், பத்து மடங்கு காட்டும் லென்ஸ், வெள்ளைத் துணி ஒன்று. பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம். காதையும் அடிவளையத்தையும் தனியாகச் சோதியுங்கள், அங்கேதான் இரும்பு ஒளிந்திருக்கும். துணியை லேசாக நனைத்து மரத்தின் அடிப்பக்கம் தேயுங்கள். கறுப்புப் பாலிஷ் கையோடு வந்தால் அந்த 'நூறு வருஷம்' போன மாதம் பூசியது. உண்மையான பழசில் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. கை படும் இடம், கால் உரசும் இடம், தரையில் ஊன்றும் இடம் மட்டும் தேய்ந்திருக்கும். பிளஸ் தலை ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1900இல் செய்த நாற்காலி என்று சொல்லி மூட்டில் பிளஸ் ஸ்க்ரூ இருந்தால், பின்னால் பழுது பார்த்ததா, மொத்தமே புதுசா என்று கேட்க வேண்டும்.

அண்டா, தவலை மாதிரி வேலைப்பாடு இல்லாத பாத்திரங்களுக்கு எடை போட்டு விலை கேளுங்கள். புதுப் பித்தளை கிலோ என்ன விலை என்று பாத்திரக்கடையில் விசாரித்துவிட்டுப் போனால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கேள்வி (சென்னை): வெண்கலம் என்று சொல்லி உருளி காட்டுகிறார்கள். பித்தளையா வெண்கலமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டிப் பாருங்கள். விரல் நுனியில் தூக்கிப் பிடித்து விளிம்பில் ஒரு தட்டு. வெண்கலம் கோவில் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். ஒலி உடைந்து கரகரத்தால் விரிசல் இருக்கிறது. வாங்காதீர்கள், சமைக்கிற சூட்டில் அது வளரும்.

செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. துலக்கிய இடத்தில் பித்தளை எலுமிச்சை மஞ்சளாகவும், வெண்கலம் சற்றுச் சிவந்த மங்கல் பொன்னாகவும் இருக்கும். வெண்கலம் கெட்டி, ஆனால் நொறுங்கும். கைதவறிப் போட்டால் பித்தளை நெளியும், வெண்கலம் உடையும். வெண்கலத்தில் ஈயம் பூசாமலே சமைப்பது வழக்கம். பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியாக வேண்டும், இல்லையென்றால் புளியும் தயிரும் களிம்பு ஏற்றிவிடும்.

அதே வாசகர்: புளி போட்டுத் தேய்த்தேன். மஞ்சளாக வராமல் திட்டுத்திட்டாக ரோஜா நிறம் வந்துவிட்டதே?

புளியை ஊறவைத்துவிட்டீர்கள். அமிலம் நெடுநேரம் பட்டால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் தங்கிவிடும். அந்தச் சிவப்பு அழுக்கு அல்ல, உலோகமே மாறிப்போனது. மறுபடி புளி போட்டால் இன்னும் சிவக்கும். மிக நைசான செங்கல் தூளை ஈரத்துணியில் தொட்டு ஒரே திசையில் தேய்த்தால் அந்த மெல்லிய அடுக்கு போய்விடும்.

அடுத்த முறை எலுமிச்சை அளவு புளியோடு ஒரு ஸ்பூன் கல்லுப்பு சேர்த்து, ஒரு கையகல இடமாகத் தேய்த்து, இரண்டு நிமிடத்துக்குள் கழுவிவிடுங்கள். கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு அலசு, உடனே உலர்ந்த துணி. வெயிலில் தானாக உலரட்டும் என்று விட்டால் சொட்டு விழுந்த இடமெல்லாம் கறை. நகாசு வேலை உள்ள விளக்கைப் பளபளவென்று துலக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. பள்ளத்தில் தங்கிய கருமைதான் வேலைப்பாட்டை எடுத்துக் காட்டுகிறது.

கேள்வி (திருச்சி): ஈயம் உடம்புக்கு நஞ்சு என்கிறார்கள். ஈயச் சொம்பில் ரசம் வைக்கலாமா, கூடாதா?

குழப்பம் சொல்லில் இருக்கிறது. தமிழில் இரண்டும் ஈயம்தான். ரசச் சொம்புக்கும் பூச்சுக்கும் உரியது வெள்ளீயம். நஞ்சு காரீயம், பேட்டரியில் இருப்பது. வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்றால்தான் ஆபத்து.

வெள்ளைத் தாளில் சொம்பின் அடியை அழுத்தி இழுங்கள். பென்சில் கீறியதுபோலச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயக் கலப்பைச் சந்தேகிக்கலாம். கோடு விழாததால் மட்டும் சுத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம். தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்-ரே இயந்திரம் காரீயத்தையும் காட்டும்படி அமைந்திருந்தால் அங்கே கொடுத்துப் பாருங்கள். ஊர்பேர் தெரியாத பழைய சொம்பை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நிறுத்துவது நல்லது.

சமைப்பதென்றால் ஒன்று நினைவிருக்கட்டும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். தீ, ரசத்தின் மட்டத்துக்கு மேலே சுவரை நக்கக்கூடாது. தாளிப்பு வேறு கரண்டியில். பித்தளைப் பாத்திரத்தின் ஈயப் பூச்சுக்கும் இதே விதிதான்: வெறும் பாத்திரம் சூடேறக் கூடாது, இரும்புக் கரண்டி கூடாது, உள்ளே மஞ்சள் எட்டிப்பார்த்தால் மறுபூச்சுக்குக் கொடுக்க வேண்டும். பூசுபவர் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தை ஓட்டித் துணியால் இழுப்பார். சில நிமிட வேலைதான், ஆனால் அவர் கையில் இருக்கும் ஈயக் கட்டி எது என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி (பெங்களூரு): வாசலில் உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிடுகிறேன். உள்ளே வெள்ளை வளையம் படிகிறது.

போர்த் தண்ணீரின் உப்பு. வினிகரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் ஒட்டவைத்துத் துடைத்தால் போகும். உருளிக்குள் அடங்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்து அதில் தண்ணீர் விட்டால் உலோகமே நனையாது. வளையத்தைவிடக் கொசுதான் கவலை. டெங்குக் கொசு நம்ம ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் இருமுறையாவது உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி (மதுரை): பழைய செட்டிநாட்டுக் கதவை டைனிங் டேபிள் ஆக்க ஆசை. தச்சர் சரி என்கிறார், வீட்டில் அம்மா வேண்டாம் என்கிறார்.

அம்மா சொல்வதில் பாதி நியாயம். மேற்கட்டையில் கஜலட்சுமி செதுக்கிய நிலையைப் படுக்கவைத்து அதன்மேல் எச்சில் தட்டு வைப்பது பலருக்கு மனம் ஒப்பாது. நிலையைச் சுவரில் கண்ணாடிச் சட்டமாக நிறுத்திவிட்டு, கதவை மட்டும் மேசையாக்கலாம்.

இந்தக் கதவுகள் பெரும்பாலும் இரட்டைக் கதவு. ஒரு கதவு ஒன்றரை அடி அகலம்தான் வரும், அதில் எதிரெதிரே இரண்டு தட்டு வைக்க இடம் இருக்காது. அதைச் சுவரோரம் ஒடுக்கமான மேசையாகப் போடலாம். சாப்பாட்டு மேசைக்கு இரண்டையும் சேர்த்து மூன்றடி அகலம் வேண்டும். மேல்மட்டம் 30 அங்குலம். முழங்காலுக்கு அடியில் 25 அங்குலமாவது காலியாக இருக்க வேண்டும் என்பதால், கதவின் கனத்தைக் கழித்துக்கொண்டுதான் காலின் உயரத்தைத் தச்சரிடம் சொல்ல வேண்டும்.

தவறு நடப்பது மூன்று இடத்தில். முதலாவது, கதவின்மேல் போடும் கண்ணாடி. டஃபன்ட் கண்ணாடியைச் சூடேற்றி முறுக்கேற்றிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, தூள்தூளாகிவிடும். பித்தளைக் குமிழ்களுக்குத் துளை வேண்டுமென்றால் அட்டையில் அச்சு வெட்டி, ஆர்டர் கொடுக்கும்போதே தர வேண்டும். ஆறடிக்கு மூன்றடி, 8 மில்லிமீட்டர் கண்ணாடி 33 கிலோ எடை. அதை மரத்தின்மேல் நேராகப் படுக்கவைத்தால் சிந்திய தண்ணீர் நடுவில் மாட்டிப் பூஞ்சை பிடிக்கும். ஓரடிக்கு ஒன்றாக சிலிக்கான் பொட்டு ஒட்டிக் காற்றுப் போக விடுங்கள்.

இரண்டாவது, இரும்புச் சட்டத்தை இறுக்கி ஸ்க்ரூ அடிப்பது. பலகை குறுக்குவாட்டில் மழைக்கு விரியும், ஏசிக்குச் சுருங்கும். வட்டத் துளைக்குப் பதில் அரை அங்குல நீள்துளை போட்டு வாஷரோடு பிடித்தால் மரம் நகர இடம் கிடைக்கும், பிளக்காது. மூன்றாவது பழைய பெயின்ட். அதில் காரீயம் இருக்கலாம். உலர்ந்தபடி மெஷின் போட்டுத் தேய்த்தால் தூள் வீடு முழுவதும் பறக்கும். வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாள் கொண்டு நனைத்துத் தேயுங்கள், அல்லது பெயின்ட் ரிமூவர். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக இரண்டு கை, பிறகு தேன்மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் முக்கியோதான் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி (சேலம்): வாங்கிய அலமாரிக்கு அடியில் மாவு மாதிரி கொட்டுகிறது. கரையானா?

கரையான் என்றால் மண் பூசிய பாதை தெரியும். இது உளு. குண்டூசித் தலையளவு ஓட்டை, அடியில் வெளிர்மாவு. தேக்கிலும் வருமா என்றால், வைரம் பாய்ந்த பகுதியில் சிரமம், ஓரத்து வெள்ளையில் தாராளமாக வரும். பர்மா தேக்கு என்று சொன்னதில் வெள்ளை எவ்வளவு என்பதை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

மாவைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புதிதாகக் கொட்டவில்லை என்றால் பழைய ஓட்டை, மெழுகால் அடைத்தால் போதும். கொட்டினால் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலைத் தூரிகையால் பூச வேண்டும். பாலிஷ் இருந்தால் உள்ளே ஏறாது, பின்பக்கமும் அடிப்பக்கமும் பாலிஷ் இல்லாத வெறும் மரமாக இருக்கும் இடங்களில் இரண்டு மூன்று முறை பூசி, ஓட்டைகளுக்குள் சிரிஞ்சால் செலுத்துங்கள். அதுவரை மற்ற மரச்சாமானிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எனாமல் தூக்குச்சட்டி, தட்டுகளின் அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று இருக்கு. எவ்வளவு பழசு? சாப்பாட்டுக்குப் பாவிக்கலாமோ?

அந்த நாடு இருந்ததே 1918 முதல் 1992 முடியும் வரை. அதனால் 'நூற்றைம்பது வருஷம்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949க்குப் பிறகு. செட்டிநாட்டு வீடுகளில் ஸ்வீடன் கோக்கும்ஸ் முத்திரை போட்ட வாளிகளும் உண்டு. பழைய எனாமலின் சிவப்பு, மஞ்சள் வண்ணங்களில் காட்மியமும் காரீயமும் இருந்திருக்கலாம். சில்லுப் பெயர்ந்ததில் புளியும் தயிரும் வேண்டாம். அடியில் துளை போடாமல் உள்ளே சிறு தொட்டி இறக்கிப் பூச்செடி வைக்கலாம், சமையலறையில் வெங்காயம் போட்டு வைக்கலாம். பெயர்ந்த இடத்தில் துரு பரவாமல் இருக்க, மாதம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

கேள்வி (சென்னை): ரவி வர்மா படம், 'ஒரிஜினல் பிரஸ்' என்கிறார்கள். எப்படி நம்புவது?

ரவி வர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது, பின்பு லோனாவ்லா அருகே மலவ்லிக்கு மாறியது. லென்ஸை முகத்தின்மேல் வையுங்கள். வரிசை பிசகாத சீரான புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட் மறுஅச்சு, பழைய சட்டத்துக்குள் சொருகியது. அந்த அச்சகத்தின் கல்லச்சில் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோல இருக்கும். மேலே ஜரிகையும் சம்கியும் ஒட்டி அலங்கரித்த படங்கள் நம் பக்கத்து வீடுகளில் நிறைய. அதைப் பிய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள், விலையே அதில்தான். கண்ணாடியில் படம் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே மாட்டுங்கள். வெயில் படும் சுவர் வேண்டாம்.

கேள்வி (துபாய்): அண்ணே, ஒரு பழைய ஐம்பொன் அம்மன் சிலை சொல்லியிருக்காங்க. வாங்கிக் கொண்டுவரலாமா?

வேண்டாம் தம்பி. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிலை, ஓவியம், மரச்சாமான், பாத்திரம் எதையும் தனிநபர் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. ஓலைச்சுவடிக்கு 75 ஆண்டுதான் கணக்கு. உள்ளூரிலேயே வைத்துக்கொண்டாலும் சிலையைப் பதிவு செய்ய வேண்டும். எந்தக் கோவிலில் காணாமல் போனதோ என்ற கேள்வி வேறு. புதுச் சிலையாக இருந்தாலும், பழசு போலத் தெரிவதை எடுத்துப் போகும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் விளக்கம் எடுபடாது. தந்தம் இழைத்த பெட்டி என்றால் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி (மதுரை): ஆத்தங்குடித் தளத்தில் ஆசிட் ஊற்றிக் கழுவியதில் ஒரு மூலை வெளுத்துவிட்டது.

அந்தக் கல் சிமெண்ட்தான், சுட்ட ஓடு அல்ல. ஆசிட் சிமெண்ட்டைத் தின்னும், வண்ணத்தோடு மேல்தோல் போய்விட்டது. திரும்ப வராது. அந்த நான்கைந்து கல்லை மட்டும் மாற்றுங்கள், புதுசு ஓராண்டு நடைபட்டால் ஓரளவு சேரும். இனி வெறும் தண்ணீர். வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் சில சொட்டுத் துணியில் விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். இரண்டாவது துடைப்பை விட்டால் வழுக்கும்.

கேள்வி (சென்னை): அடுக்குமாடியில் ஊஞ்சல் மாட்டலாமா? பலகை ஆறுக்கு இரண்டடி.

இரண்டரை அங்குலக் கனம் என்றால் பலகை மட்டும் ஏறக்குறைய 46 கிலோ. நால்வர் அமர்ந்தால் 280, சங்கிலி 20, மொத்தம் ஏறக்குறைய 350 கிலோ. ஆடும்போது இழுப்பு கூடும், அதை இரட்டிப்பாகவே கணக்கிடுங்கள். நான்கு கொக்கிக்கும் சமமாகப் பிரிந்தால் ஒன்றுக்கு 175 கிலோ. ஆனால் எல்லோரும் ஒரு பக்கம் நெருக்கி உட்காருவது வீட்டில் சகஜம், ஆகவே ஒவ்வொரு கொக்கியும் குறைந்தது 500 கிலோ தாங்குவதாக இருக்கட்டும். பூச்சுச் சுவரிலும் ஃபால்ஸ் சீலிங்கிலும் பிடிப்பு கிடையாது. உத்தரத்தின் கான்கிரீட்டில் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பிப் பிடிக்கும் போல்ட்) போட்டு, அது இறுக வேண்டிய நேரம் முழுவதும் விட்டு, ஆட்கள் ஏறும் முன் மணல் மூட்டை அடுக்கி ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். இடத்தைக் கட்டடப் பொறியாளர் காட்டட்டும், கடைக்காரர் வேண்டாம். முன்னும் பின்னும் மூன்றடி காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் டி.வி.க்கு அடி.

கேள்வி (திருநெல்வேலி): சின்ன வாடகை வீடு. மூவாயிரத்துக்குள் ஏதாவது?

தூக்கு விளக்கும் அலமாரியும் விட்டுவிடுங்கள். தினமும் கை படுகிற ஒன்றை வாங்குங்கள். மூடியுள்ள பித்தளைத் தூக்கு, ஊறுகாய் ஜாடி, அஞ்சறைப் பெட்டி, இவற்றில் எது உங்கள் அடுக்களையில் இப்போது பிளாஸ்டிக்காக இருக்கிறதோ அது. ஜாடி வாங்கினால் உள்ளே தண்ணீர் நிரப்பிப் பழைய செய்தித்தாள்மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் ஈரமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. எண்ணெய் கசியும், ஊறுகாய்க்கு ஆகாது, கரண்டிகள் சொருகி வைக்கத்தான் சரி.