மாட்டுக் கழுத்தில் எந்த ரேடியோ? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கழுத்துப்பட்டை, காது வில்லை, வயிற்றுக்குள் தங்கும் மாத்திரை என்று மாட்டுக்குக் கருவி மாட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. மாடு அசை போடுகிறதா, சினைப் பருவத்துக்கு வந்ததா, எங்கே போகிறது என்பதை இவை ரேடியோ வழியாகச் சொல்லும். "எந்த ரேடியோ நல்லது?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்கள் முதல் பதிலை மட்டும் படித்தால் போதும்.

40 கறவை மாடுகள், சுற்றிலும் தென்னந்தோப்பு. புளூடூத் பட்டையே போதும் என்கிறார் ஒரு விற்பனையாளர். லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் ரேடியோ) இல்லாமல் முடியாது என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? (பொள்ளாச்சி)

பகலில் மாடு எங்கே நிற்கிறது என்று இருவரில் யாராவது கேட்டார்களா? அதை வைத்துத்தான் முடிவே.

நாள் முழுக்கக் கட்டுத்தரையிலேயே தீனி என்றால் புளூடூத் சரிதான். ஆனால் அது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். மாட்டின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். பெட்டியில் 30 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். மாடு பட்டையின் மேல் சாய்ந்து படுத்தாலோ, குறுக்கே இன்னொரு மாடு நின்றாலோ பத்து மீட்டரிலேயே சிக்னல் போய்விடும். ஆகவே கொட்டகையின் இரண்டு மூன்று மூலைகளில் ரிசீவர் வைக்க வேண்டும். பட்டைக்குள் தகவலைச் சேமித்து வைக்கும் வசதியும் இருக்க வேண்டும்.

தோப்புக்குள் அவிழ்த்துவிடுகிறீர்கள் என்றால் லோராதான் என் தேர்வு. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்கிய 865–868 மெகாஹெர்ட்ஸில் அது இயங்குகிறது. அலை நீளம் அதிகம் என்பதால் மரத்தையும் மாட்டையும் ஓரளவு சுற்றிக்கொண்டு போகும். மோட்டார் ரூம் மேல் ஒரு கேட்வே (பட்டைகள் சொல்வதை வாங்கி மேலே அனுப்பும் பெட்டி) வைத்தால் சாதாரணத் தோப்புக்குப் போதும். ஆன்டெனா ஓலைக் கொண்டைக்கு மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் நன்றாகக் கீழே, மரத்தூர்களுக்கு இடையே இருக்கட்டும். கொண்டைக்கு நடுவில் மட்டும் வேண்டாம். மழையில் நனைந்த ஓலை சிக்னலைக் குடித்துவிடும். தகரக் கூரைக்கு அடியிலும் வேண்டாம். நான் முதன்முதலில் வைத்த கேட்வேயை மழைக்குப் பயந்து தகரத்துக்குக் கீழேதான் கட்டினேன். இரண்டு வாரம் பட்டைகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

லோராவுக்கு வேகம் கிடையாது. மாட்டின் அசைவை மூன்று திசையில், விநாடிக்கு 25 முறை அளந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 மெகாபைட் சேரும். அதை லோராவில் அனுப்ப நினைக்கவே வேண்டாம். பட்டையே உட்கார்ந்து கணக்குப் போட்டு, "கடந்த 15 நிமிடத்தில் 11 நிமிடம் அசை போட்டது" என்று பத்துப் பன்னிரண்டு பைட்டில் முடிவை மட்டும் சொல்ல வேண்டும். வாங்கும்போது, கணக்கு பட்டையில் நடக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேகம் போதுமா என்றால், போதும். மாட்டின் சினைப் பருவம் பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் நிற்கும். காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி என்பது பழைய கணக்கு. அதற்குக் கால் மணிக்கு ஒரு செய்தி தாராளம்.

ஒவ்வொரு மாட்டுக்கும் சிம் போட்ட பட்டை வாங்கினேன். மூன்றே வாரத்தில் பேட்டரி காலி. ஏன்? (நாமக்கல்)

உள்ளே இருப்பது பழைய 2ஜி மாட்யூலாக இருக்கலாம். டவரைத் தொடும் நொடியில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். லோரா அனுப்பும்போது 40 மில்லிஆம்பியர் அளவுதான். சிக்னல் மங்கலான இடத்தில் டவரைத் தேடியே பாதி உயிர் போய்விடும். கருவிகளுக்கென்றே வந்த செல்போன் டவர் சேவையான என்பி-ஐஓடி இதைவிட எவ்வளவோ சிக்கனம். ஆனால் உங்கள் கொட்டகையில் எடுக்கிறதா என்று ஒரு பட்டையை வைத்துப் பார்க்காமல் நாற்பது வாங்காதீர்கள். எல்லா மாடும் ஒரே கொட்டகைக்குத் திரும்பும் பண்ணையில் மாட்டுக்கு மாடு சிம் எதற்கு? கேட்வேயில் ஒரு சிம், மாதம் ஒரே ரீசார்ஜ்.

லோரா பட்டைக்குப் பேட்டரி 5 வருடம் வரும் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

கேட்வேக்குப் பக்கத்தில் இருந்தால் நம்பலாம். தூரம் கூடக்கூட லோரா ஒரே செய்தியை மெதுவாக, இழுத்து இழுத்துச் சொல்லும். எஸ்எஃப் (எவ்வளவு இழுத்துச் சொல்வது என்பதன் அளவு) 7 முதல் 12 வரை உள்ள படிகள் அதற்குத்தான். ஒரு படி ஏறினால் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பு. 7-இல் நூறு மில்லிவிநாடிக்குள் முடியும் செய்தி 12-இல் ஒரு விநாடியைத் தாண்டும். அத்தனை நேரமும் பேட்டரி கரையும். இன்னொரு கேட்வே வாங்குவது பல சமயம் பேட்டரி மாற்றுவதைவிட மலிவு.

வெளிநாட்டுத் தளத்தில் மலிவாக 915 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் கிடைக்கின்றன. வாங்கலாமா?

வேண்டாம். அது அமெரிக்காவுக்கான அலைவரிசை. இங்கே அந்தப் பக்கம் செல்போன்களுக்குக் கொடுத்த இடம். ரேடியோ உள்ள கருவியை இறக்கி விற்பவர் இடிஏ என்ற ஒப்புதல் வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கேளுங்கள்.

பர்கூர் மலையில் பட்டி போட்டு மேய்க்கிறோம். டவரே கிடையாது. மாடு காட்டுக்குள் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். (அந்தியூர்)

நேருக்கு நேர் பார்வை இருந்தால் லோரா பத்து கிலோமீட்டர்கூடப் போகும். நடுவில் ஒரு மலைமுகடு வந்தால் அதற்கு வெகு முன்பே நின்றுவிடலாம். காட்டுக்குள் கம்பம் நட வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் பட்டியில் சோலார் வைத்து ஒரு கேட்வே. மாடு மாலையில் திரும்பும்போது அன்றைய நடமாட்டத்தை இறக்கிக்கொள்ளட்டும். டவர் இல்லாததால் அதையும் பட்டியில் ஒரு போனிலோ பெட்டியிலோதான் சேமிக்க வேண்டும். காணாமல் போன மாட்டை அன்றே தேட இது உதவாது, அதை மறைக்கவில்லை. வழக்கமாக எந்தப் பக்கம் போகிறது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். பேட்டரியை ரேடியோவைவிட ஜிபிஎஸ்தான் அதிகம் தின்னும். எல்லா மாட்டுக்கும் வேண்டாம். மணி கட்டிய மாட்டுக்குப் போடுங்கள், மற்றவை அதன் பின்னால்தானே போகின்றன?

வயிற்றுக்குள் போடும் மாத்திரையிலிருந்து சிக்னல் எப்படி வெளியே வருகிறது?

சிரமப்பட்டுத்தான். கனமான மாத்திரை இரைப்பையின் முன்னறையில் போய்த் தங்கும். சுற்றிலும் ஈரத் தீனி. எனவே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் உதவாது. அதைவிடத் தாழ்ந்த அலைவரிசை, சின்னச் செய்தி, கொட்டகைக்குள்ளேயே ரிசீவர். மாடு தண்ணீர் குடித்தவுடன் மாத்திரை அளக்கும் வெப்பநிலை சட்டென இறங்கி மெல்ல ஏறும், பதற வேண்டாம். எத்தனை முறை குடித்தது என்பதை அதை வைத்தே எண்ணலாம். பேட்டரி தீர்ந்தால் வெளியே எடுக்க முடியாது, மாற்றவும் முடியாது.

அரசு மாட்டிய 12 இலக்கக் காது வில்லை சிக்னல் அனுப்புமா?

அனுப்பாது. எண்ணும் பார்கோடும்தான். ரேடியோ வில்லை வேறு, 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும், பேட்டரி கிடையாது. ரீடரைக் காதருகே கொண்டுபோனால் எண்ணைச் சொல்லும், காய்ச்சலைச் சொல்லாது.

வீட்டில் இரண்டே மாடுகள். எனக்கு எது பொருந்தும்?

எதுவும் வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, விடியலில் ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பாருங்கள். படுத்திருக்கும் மாடு அசை போடாமல் வெறித்துப் பார்த்தால் மருத்துவருக்குப் போன் போடுங்கள்.