பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வழியில்லையா? திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கினால் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி, "மாஸ்டர், பாவசங்கீர்த்தனம் செய்ய விருப்பம்தான், ஆனால்..." என்றுதான் ஆரம்பிக்கும். குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். அந்த 'ஆனால்' எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் குரு அல்ல, மறைக்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பாவம் என்னவென்று எனக்கு எழுத வேண்டாம். அதைக் கேட்கிற அதிகாரம் எனக்கு இல்லை, ஆர்வமும் இல்லை.

மூதூர் பக்கத்துக் குடும்பப் பெண்: எங்கள் கோவிலுக்கு சுவாமி ஞாயிறு மட்டும்தான் வருவார். பூசை முடிந்த கையோடு அடுத்த கோவிலுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடிவிடுவார். நாங்கள் எப்போது பாவசங்கீர்த்தனம் செய்வது மாஸ்டர்?

முதலில் ஒன்றைக் கேட்கிறேன் தங்கச்சி: அவரிடம் வாய்விட்டுக் கேட்டீர்களா? பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டோம். சுவாமிக்கு நேரமில்லை என்று நாங்களே முடிவு செய்துவிடுகிறோம். சனம் யாரும் வருவதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

திருச்சபைச் சட்டம் 986 இதைத் தெளிவாகச் சொல்கிறது. மக்கள் நியாயமாகக் கேட்டால் அவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஏற்பாடு செய்வதும், அவர்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் ஒதுக்குவதும் பங்குத்தந்தையின் கடமை. அவர் தயவு பண்ணுகிறார் என்று நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை. சனிக்கிழமை ஒரு ஃபோன் எடுங்கள். "சுவாமி, நாளைக்கு அரை மணித்தியாலம் முந்தி வர முடியுமா? நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். ஒருவர் தனியாகக் கேட்பதைவிட நாலு பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பது கஷ்டம். பூசை முடிந்து அவர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்த பிறகு போய் நிற்காதீர்கள், அது இரண்டு பேருக்கும் அந்தரம்.

அதுவும் சரிவராவிட்டால், நகரத்துக்கு ஏதாவது அலுவலாக வருகிற நாளிலேயே புனித மரியாள் பேராலயத்துக்கோ பாலையூற்று லூர்து அன்னை ஆலயத்துக்கோ முன்கூட்டியே அறிவித்துவிட்டு வாருங்கள். கிண்ணியாவில் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்து நின்று ஆற்றைக் கடந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. மூதூர் இறங்குதுறையிலிருந்து படகில் வருவதென்றால் திரும்பும் படகின் நேரத்தையும் சுவாமியிடம் சொல்லி வையுங்கள், அதற்கேற்ப ஒழுங்கு செய்வார்.

வாகரைப் பக்கம் வேலை செய்பவர்: நான் திருகோணமலைப் பங்கைச் சேர்ந்தவன். மட்டக்களப்பு 2012இல் தனி மறைமாவட்டமாகிவிட்டதே. அங்கே பாவசங்கீர்த்தனம் செய்தால் செல்லுமா?

தாராளமாகச் செல்லும். மறைமாவட்ட எல்லை ஆயர்களின் நிர்வாகத்துக்குத்தான். அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும், விரும்பினால் வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவிடமும்கூடப் போகலாம் (சட்டம் 991).

ஒரு பல்கலைக்கழக மாணவி: வட்ஸ்அப் வீடியோ கோலில் செய்யலாமா அங்கிள்? கொவிட் நேரத்தில் அனுமதித்தார்கள் என்று ஒருவர் சொன்னார்.

அனுமதிக்கவில்லை மகள். கொவிட் உச்சத்தில் இருந்த 2020 மார்ச் 20ஆம் திகதி வத்திக்கானின் பாவமன்னிப்புத் துறை ஓர் அறிவித்தல் வெளியிட்டது. அதில் மிக நெருக்கடியான இடங்களில் பொதுப் பாவமன்னிப்புக்கு (தனித்தனியே கேட்காமல் பலருக்கும் ஒன்றாகக் கொடுப்பதற்கு) இடமிருந்தது. பாவமன்னிப்புப் பெறவே முடியாதவர்களுக்கு உத்தம மனஸ்தாபம், அதாவது கடவுள்மீதுள்ள அன்பால் பாவத்துக்காக வருந்துவது, நினைவூட்டப்பட்டது. ஃபோனிலோ இணையத்திலோ பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்று அதில் இல்லை. குருவும் நீங்களும் நேரில் இருக்க வேண்டும். அருட்சாதனங்கள் எல்லாமே இப்படித்தான். ஞானஸ்நானத் தண்ணீரை வீடியோவில் ஊற்ற முடியாதே.

இன்னொன்று, பாவசங்கீர்த்தனத்தைக் கருவிகளால் பதிவு செய்வதும் பரப்புவதும் திருச்சபையில் தண்டனைக்குரிய குற்றம். விளையாட்டுக்குக்கூட ஃபோனை ஓன் பண்ணிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். நேரம் கேட்டு மெசேஜ் போடுவதற்கு மட்டும் வட்ஸ்அப்பைப் பாவியுங்கள், அதற்கு அருமையான சாமான்.

உப்புவெளியிலிருந்து ஒரு மகன்: அம்மா பக்கவாதத்தில் படுக்கையில். பேச்சும் தெளிவில்லை. சுவாமியைக் கூப்பிடுவோம் என்றால் அக்காமார் "அம்மா பயந்துவிடுவா, முடிவு வந்துவிட்டதென்று நினைப்பா" என்கிறார்கள்.

இந்தப் பயத்தால் எத்தனை பேர் சுவாமியைக் காணாமலே போய்ச் சேர்ந்தார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும் தம்பி. முந்திய காலத்தில் அவஸ்தைப் பூசுதல் என்றாலே கடைசி மூச்சு என்று ஊரில் ஒரு நினைப்பு. இப்போது அதை நோயில் பூசுதல் என்கிறோம். கடும் நோயிலோ முதுமையிலோ ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறலாம். நோய் மோசமானால் திரும்பவும் பெறலாம். அம்மா கண்ணை மூடிக் கிடக்கும்வரை காத்திருந்தால், அவவுக்குச் சொல்ல இருந்ததைச் சொல்ல முடியாமல் போய்விடும்.

பேச்சுத் தெளிவில்லை என்றீர்கள். பரவாயில்லை. சுவாமி கேட்கக் கேட்க அம்மா தலையாட்டலாம், கையை அழுத்தலாம். முடிந்ததைச் சொன்னால் போதும், முடியாததைத் திருச்சபை கேட்பதில்லை. அந்த நேரம் நீங்கள் எல்லோரும் அறையைவிட்டு வெளியே போங்கள். டிவியையும் நிறுத்துங்கள். "அம்மாவுக்கு என்ன பாவம் இருக்கப் போகிறது" என்று சிரித்துக்கொண்டு கட்டிலடியில் நிற்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். எழுபது வயதுத் தாய்க்கும் பிள்ளைகள் கேட்கக்கூடாத ஒன்று இருக்கலாம்.

மயக்கத்தில் இருந்தாலும் கூப்பிடுங்கள். நினைவு இருந்தபோது விரும்பியிருப்பார் என்று கருதக்கூடியவருக்குப் பூசுதல் கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் செய்ய இயலாத நிலையில், மனஸ்தாபப்பட்டவரின் பாவங்களையும் அது மன்னிக்கும். உயிர் ஆபத்தில் எந்தக் குருவும் வரலாம். அதிகாரம் எடுக்கப்பட்ட குருவாக இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் கொடுக்கும் பாவமன்னிப்பு செல்லும் (சட்டம் 976). வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருகிற அருட்சகோதரியும் நானும் செபிக்கலாமே தவிர பாவமன்னிப்பு கொடுக்கவோ பூசவோ முடியாது. ஆஸ்பத்திரியில் என்றால் வார்ட்டில் அனுமதிக்கும்போதே தாதியிடம் கத்தோலிக்கர் என்று சொல்லி வையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பங்கு நம்பரைத் தேடி அலையத் தேவையில்லை.

சவூதியில் வீட்டு வேலை செய்யும் சகோதரி, ஊர் குச்சவெளி: இங்கே கோவிலே இல்லை அண்ணா. இரண்டு வருஷ ஒப்பந்தம். ஒரு பாவம் மனதை அரிக்கிறது. இப்படியே செத்தால் என்ன ஆவேன்?

தங்கச்சி, பயப்படாதீர்கள். கடவுள் சவூதி விசாவுக்காகக் காத்து நிற்பவர் இல்லை. தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, அன்பான கடவுளை நோகச் செய்துவிட்டேனே என்று மனம் வருந்துவதைத்தான் உத்தம மனஸ்தாபம் என்கிறோம். முடிந்த முதல் சந்தர்ப்பத்தில் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் அதில் இருந்தால், சாவான பாவமும் (கனமான பாவமும்) மன்னிக்கப்படும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1452ஆம் எண்ணில் சொல்கிறது. இரவு வேலை முடிந்து படுக்கும்போது மனஸ்தாப மந்திரத்தை மெதுவாக, அவசரமில்லாமல் சொல்லுங்கள். சின்ன வயதில் பாடமாக்கிய மந்திரம் மறந்திருந்தால் உங்கள் சொந்தச் சொல்லில் சொல்லுங்கள்.

ஊர் திரும்பும்போது கட்டுநாயக்கவில் இறங்கினால் பக்கத்தில் நீர்கொழும்பு, அங்கே கோவிலுக்குப் பஞ்சமில்லை. இந்த உறுதியை மறந்துவிடாதீர்கள், வீட்டுக்குப் போன சந்தோஷத்தில் மாதங்கள் ஓடிவிடும்.

உங்களைப் போலக் குவைத்திலும் கட்டாரிலும் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. குவைத் நகரில் திருக்குடும்பப் பேராலயம் இருக்கிறது. தோகாவில் 2008இல் திறந்த செபமாலை அன்னை ஆலயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கிறவர்கள் அங்கே போகலாம்.

மீன்பிடிக்கும் ஒரு தம்பி: இரவு கடலுக்குப் போய் ஞாயிறு காலை கரைக்கு வர பூசை முடிந்திருக்கும். பாவசங்கீர்த்தனம் கோவிலுக்குள்ளேதான் செய்ய வேண்டுமா?

கோவில்தான் அதற்குரிய இடம். ஆனால் நியாயமான காரணம் இருந்தால் வெளியேயும் செய்யலாம் (சட்டம் 964). மீன்வாடியில், வள்ளத்துக்குப் பக்கத்தில், தென்னைக்குக் கீழே, மற்றவர்களுக்குக் கேட்காத இடமாக இருந்தால் போதும். டச்சுக்காரர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் இலங்கைக்கு வந்த புனித யோசப் வாஸ் பிச்சைக்காரக் கோலத்தில் ஊர் ஊராகத் திரிந்து இப்படித்தான் சனத்தைச் சந்தித்தார். மாரியில் கடல் குழம்பிக் கரையில் சும்மா இருக்கிற நாட்களையும் பாவியுங்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்று உயிருக்கு ஆபத்து என்றால், மேலே சவூதிச் சகோதரிக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

ஹோட்டலில் வேலை, நிலாவெளி: ஞாயிறுதான் எங்களுக்கு உச்ச வேலை.

கிழமை நாளில் போங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கும் ஞாயிறுக்கும் சம்பந்தமில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: பங்குச் சுவாமி எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர். அவரிடம் எப்படிச் சொல்வது?

அவரிடம் சொல்ல வேண்டியதே இல்லை. வேறு பங்குக்குப் போங்கள், மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போகும்போது செய்யுங்கள், தவக்காலத்தில் வெளியூர்க் குருக்கள் வரும் நாளில் வரிசையில் நில்லுங்கள். திரைக்குப் பின்னால் முழங்காலிடும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் ஒன்று, ஒருநாளில் பத்துப் பதினைந்து பேருடைய பாவங்களைக் கேட்கிறவருக்கு உங்களுடையது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் புதினமாக இருக்காது.

செவிப்புலன் இல்லாத தம்பியின் அக்கா: அவனுக்காக நான் போய்ச் சொல்லலாமா?

அவனுக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. எழுதத் தெரிந்தால் அவன் தாளில் எழுதிச் சுவாமியிடம் காட்டட்டும், முடிந்ததும் தாளை அங்கேயே கிழித்துவிட வேண்டும். சைகை மட்டும்தான் என்றால் மொழிபெயர்ப்பாளர் உதவலாம், சட்டம் 990 அதற்கு இடம் தருகிறது. அப்படி உதவுகிறவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். நீங்கள் உதவலாம், ஆனால் அக்காவுக்கு முன் அவன் எல்லாம் சொல்வானா? அதை அவனிடமே கேளுங்கள். கொழும்பில் வேலை செய்து, சிங்களம் வராமல் தவிக்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை: கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் தமிழிலேயே செய்யலாம்.

இந்துக் கணவரை மணந்த பெண்: காளி கோவிலில் தாலி கட்டி, பதிவும் செய்தோம். பன்னிரண்டு வருஷமாகப் பாவசங்கீர்த்தனம், நற்கருணை எதுவும் இல்லை. அவர் மதம் மாறமாட்டார். எனக்குக் கதவு மூடிவிட்டதா?

மூடவில்லை தங்கச்சி. எங்கள் திருகோணமலையில் இப்படி எத்தனை குடும்பங்கள்! யாரோ ஒரு மாமி சொன்னதைக் கேட்டு ஒதுங்கி நிற்கிறவர்கள்தான் கூட.

அவர் மதம் மாறத் தேவையே இல்லை. ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விலக்கு (சிறப்பு அனுமதி) வேண்டும், திருமணம் திருச்சபை முறையில் நடக்க வேண்டும். இந்த இரண்டும்தான் உங்களுக்குக் குறைந்தவை. இரண்டுக்கும் வழி இருக்கிறது. கணவர் ஒரு நாள் கோவிலுக்கு வந்து சம்மதம் சொல்வார் என்றால், விலக்கு எடுத்துச் சின்ன அளவில் சாட்சிகளோடு திருமணத்தைச் செல்லுபடியாக்கலாம். பந்தலும் சாப்பாடும் தேவையில்லை. "ஒருதரம் கட்டினேன், திரும்ப ஏன்?" என்று அவர் மறுத்தாலும், உங்கள் இருவரின் சம்மதம் இன்னும் நிலைத்திருந்தால், சடங்கு இல்லாமலே திருமணத்தை வேரிலிருந்து சரிப்படுத்தும் வழி ஒன்று இருக்கிறது. அதை ஆயர் வழங்கலாம் (சட்டம் 1161 முதல் 1165 வரை). பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க உங்களால் முடிந்ததைச் செய்வதாக நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டிவரும். அவருக்கு அந்த வாக்குப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

ஞானஸ்நானச் சான்றிதழ், பதிவுத் திருமணச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போங்கள். ஞாயிறு பூசை முடிந்த சனக்கூட்டத்தில் வேண்டாம், ஆறுதலாகப் பேச நேரம் கேட்டுப் போங்கள். பாவமன்னிப்பு எப்போது என்பதை முழுக்கதையும் கேட்டபின் அவர்தான் சொல்ல வேண்டும். ஒருவர் சரியாகக் கேட்காமல் அனுப்பினால் இன்னொருவரிடம் போங்கள், மறைமாவட்ட அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

இன்னொரு சகோதரி: கருக்கலைப்பை ஆயர்தான் மன்னிக்க முடியும் என்கிறார்களே?

2016 நவம்பர் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற குருவிடம் போங்கள். திட்டு வாங்குவேனோ என்ற பயமிருந்தால், வயதான குரு ஒருவரைத் தேடிப் பாருங்கள். அனுபவம் பட்டவர்கள் மெதுவாகப் பேசுவார்கள்.

வயதான ஒருவர்: போர்க்காலத்தில் நடந்த ஒன்று. சொன்னால் பொலிசுக்குப் போகுமா?

போகாது ஐயா. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும், எவரிடமும், உயிர் போனாலும் சொல்லக்கூடாது. நேரடியாக மீறும் குரு, அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் உரோமைக்குத்தான். கேட்டதை வைத்து உங்களுக்குப் பாதகமாக நடக்கவும் அவருக்கு அனுமதியில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன பரிகாரம் செய்யலாம் என்று உங்களோடு அவர் பேசக்கூடும், பேச வேண்டும்தான். அதற்கு ஆயத்தமாகப் போங்கள். வழக்கமான சனிக்கிழமை வரிசையில் நிற்காமல் தனியாக நேரம் எடுத்துப் போவது நல்லது. முப்பது வருஷத்துக் கதையை ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடியாது.

அதே ஐயா திரும்பவும்: மந்திரமெல்லாம் மறந்துவிட்டது. எப்படித் தொடங்குவது? ஏதாவது காசு கொடுக்க வேண்டுமா?

"சுவாமி, கடைசியாக எப்போது செய்தேன் என்று நினைவில்லை, உதவி செய்யுங்கள்" என்று தொடங்குங்கள். மிச்சத்தை அவர் கேட்டுக் கேட்டு எடுப்பார். காசு ஒரு சதமும் வேண்டாம்.