என்ஐசியுவில் பகுதிநேர மருந்தாளர்: வராத நாளுக்கும் கணக்கு வேண்டும்

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பினாங்குத் தீவிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் 6 ஆண்டுகளாக மருந்தாளராக இருக்கிறேன். கடைசி ஓராண்டாகப் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியு) வேலை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு திங்கள், புதன், வெள்ளி மட்டும் வர நினைக்கிறேன். "அந்த வார்டுக்குப் பகுதிநேர ஆள் சரிப்பட்டு வராது" என்கிறார் தலைமை மருந்தாளர். உண்மையிலேயே முடியாதா?

பதில்: முடியும். ஆனாலும் அவருடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் வார்டில் திங்களன்று சரிபார்த்த டோஸ் பெரும்பாலும் புதனன்றும் சரியாகவே இருக்கும். என்ஐசியுவில் அப்படி நம்பி இருக்க முடியாது. குழந்தையின் எடை மாறிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் நாளுக்கு நாள் முதிரும், பிறந்து எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்து மருந்தின் இடைவெளியும் மாறும். நீங்கள் வீட்டில் இருக்கும் செவ்வாயிலும் வியாழனிலும் குழந்தைக்கு ஒரு நாள் கூடிவிடுகிறது.

ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். 32 வாரத்தில் பிறந்த, 1.6 கிலோ குழந்தை. பரவலாகப் பயன்படும் அட்டவணை ஒன்றின்படி, முதல் ஒரு வாரத்துக்கு இந்தக் குழந்தைக்குக் கிலோவுக்கு 4.5 மி.கி., 36 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதாவது 7.2 மி.கி. (உங்கள் வார்டின் அட்டவணை வேறாக இருந்தால் அதுவே இறுதி.) திங்கள் காலை 8 மணிக்கு முதல் டோஸ் போனால், அடுத்தது செவ்வாய் இரவு 8 மணி, மூன்றாவது வியாழன் காலை 8 மணி. மருந்தளவு பார்க்கும் இரத்த மாதிரியைச் சில வார்டுகளில் இரண்டாவது டோஸுக்கு முன்பும், சில வார்டுகளில் மூன்றாவதற்கு முன்பும் எடுக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் இல்லாத நேரம்! 48 மணி நேரத்தில் இரத்தக் கல்ச்சரில் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எதுவும் வளராவிட்டால் பல வார்டுகளில் மருந்தையே நிறுத்திவிடுவார்கள். அந்த முடிவு எடுக்கும் புதன் காலையில் நீங்கள் இருப்பீர்கள். ஆனால் மருந்து தொடர்ந்தால், வியாழன் மாதிரியில் அளவு லிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் வந்தால் அடுத்த டோஸைத் தள்ளிவைக்கச் சொல்ல ஒருவர் வேண்டும். யார் என்பது புதன் மாலைக்குள் முடிவாகியிருக்க வேண்டும்.

அதனால் உங்கள் ஒப்படைப்புத் தாளை மருந்து வாரியாக எழுதாமல் தேதி வாரியாக எழுதுங்கள். கட்டில் எண், எத்தனை வாரத்தில் பிறந்தது, இன்று எத்தனையாவது நாள், எந்தத் தேதியின் எடையை வைத்து டோஸ் கணக்கிட்டோம் என்பவை முதலில். பிறகு அடுத்த மாதிரி எந்த நாள் எந்த மணிக்கு, இடைவெளி எந்தத் தேதியில் மாறும், அதைப் பார்க்கப்போகிறவர் பெயர். பிறந்த எடைக்குக் குழந்தை திரும்பும்வரை பிறந்த எடையையே வைத்துக் கணக்கிடுவது வழக்கம். திரும்பிய பிறகு பழைய எடையிலேயே டோஸ் தங்கிவிடுவதுதான் பகுதிநேரப் பணியில் சத்தமில்லாமல் நடக்கும் தவறு. ஒவ்வொருவரும் அடுத்தவர் மாற்றியிருப்பார் என்று நினைப்பார்கள். தாளை நேரில் கொடுத்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பாலம் ஏறிவிடாதீர்கள். அது பத்து செய்திகளுக்கு அடியில் போய்விடும், நோயாளியின் விவரமும் வெளியே கசியும்.

கரைசல் முறையையும் எழுதி ஒட்டிவையுங்கள், நீங்கள் இல்லாத நாளில் வேறொருவர் வேறு விதமாகக் கரைக்கக் கூடாது. மேலே சொன்ன 7.2 மி.கி.யை 80 மி.கி./2 மி.லி. ஆம்பூலிலிருந்து நேரடியாக எடுத்தால் வெறும் 0.18 மி.லி. அந்த அளவைச் சரியாக எடுப்பது கடினம். அதைவிட ஆபத்து, அதே சிரிஞ்சில் சலைனையும் சேர்த்து உறிஞ்சுவது. ஊசிக்குள் தங்கிய மருந்தும் உள்ளே வந்துவிடும். 0.05 மி.லி. கூடினாலே டோஸ் கால் பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. 1 மி.லி. மருந்தை எடுத்து, வேறொரு சிரிஞ்சில் சலைன் சேர்த்து 10 மி.லி. வரை நிரப்பினால் ஒரு மி.லி.யில் 4 மி.கி. இருக்கும். அதில் 1.8 மி.லி. எடுத்தால் போதும். மூச்சு நின்று நின்று வரும் குறைமாதக் குழந்தைக்குத் தரும் காஃபீனிலும் ஒரு பொறி உண்டு. 20 மி.கி. காஃபீன் சிட்ரேட் என்பது 10 மி.கி. காஃபீன்தான். மருத்துவர் சிட்ரேட் கணக்கில் எழுதி, தயாரிப்பவர் காஃபீன் கணக்கில் எடுத்தால் டோஸ் இருமடங்காகிவிடும். ஆகவே மருந்துச் சீட்டிலும் சிரிஞ்ச் லேபிளிலும் "சிட்ரேட்" என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். புள்ளிக்கு முன் பூஜ்யம் போடுங்கள், பின்னால் போடாதீர்கள்: 0.5 சரி, 5.0 வேண்டாம். புள்ளி கண்ணில் படாவிட்டால் 5 என்பது 50 ஆகும்.

உங்கள் மூன்று நாள்களில் வெள்ளிதான் கனமானது. சிரைவழி ஊட்டக் கரைசல்கள், அதாவது டிபிஎன், வார இறுதிக்கும் சேர்த்து அன்றே கணக்காகும். சீனப் புத்தாண்டு, தைப்பூசம் போன்ற விடுமுறைகள் ஒட்டி வந்தால் இன்னும் முன்னதாகவே. குளுக்கோஸ் வேகத்தை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்: மணிக்குப் போகும் மி.லி.யைக் குளுக்கோஸ் சதவிகிதத்தால் பெருக்கி, எடையின் 6 மடங்கால் வகுக்க வேண்டும். 1 கிலோ குழந்தைக்கு 10% கரைசல் மணிக்கு 3 மி.லி. போனால், 30-ஐ 6-ஆல் வகுக்க, நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மி.கி. கைச் சிரையில் போவதென்றால் 12.5 சதவிகிதத்தைத் தாண்ட விடாதீர்கள். கால்சியமும் கனிம பாஸ்பேட்டும் சேர்ந்தால் படிவு விழும், இன்குபேட்டரின் சூட்டில் அது இன்னும் எளிதாக விழும். சனி, ஞாயிறில் சோடியம் அல்லது பொட்டாசியம் முடிவு மாறினால் பையில் யார் கைவைக்கலாம், யார் கைவைக்கக் கூடாது என்பதை வெள்ளி மாலையே எழுதிவிடுங்கள். என் கருத்தில் பையில் எதையும் சேர்க்கவே கூடாது. வேண்டியதைத் தனிக் குழாயில் கொடுக்கட்டும்.

வீட்டுக்குப் போகும் குழந்தைகளின் பெற்றோரிடம் பேசும் வேலையை உங்கள் நாள்களுக்கு ஒதுக்கிக் கேளுங்கள், திட்டமிட முடிந்த வேலை அது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தைக் கரண்டியில் அளக்காமல் 1 மி.லி. வாய்ச் சிரிஞ்சில் அளக்கக் காட்டிக்கொடுங்கள். தமிழ்க் குடும்பமானால் சேனை, வசம்பு, தேன் பற்றி நீங்களாகவே, கோபப்படாமல் கேளுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்பதைப் பாட்டியும் இருக்கும்போது சொல்வது நல்லது. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு சோதிக்கப்படுகிறது. குறை இருந்தால் பீரோவிலுள்ள அந்துருண்டையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும்.

இனி சட்டம். பகுதிநேர ஊழியர் என்றால் முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 சதவிகிதத்துக்கு மேல், 70 சதவிகிதத்துக்கு மிகாமல் வேலை செய்பவர். உங்கள் மருத்துவமனையில் வாரம் 45 மணி நேரம் முழுநேரம் என்றால் உச்சவரம்பு 31.5 மணி. நாளுக்கு 9 மணி வீதம் மூன்று நாள் 27 மணி, வரம்புக்குள் அடங்கும். பகுதிநேர ஊழியர்களுக்கான 2010 விதிமுறைகளை மனிதவளப் பிரிவிடம் எடுத்துக் காட்டலாம். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தா தொடர வேண்டும். மருந்தாளர் ஆண்டுச் சான்றிதழையும் வழக்கம்போலப் புதுப்பித்தாக வேண்டும்.

மலேசிய வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, வேலை நேரம், நாள் அல்லது இடத்தை மாற்றித் தரும்படி நீங்கள் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இது தனியார் துறைக்குத்தான். அரசு ஊழியர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

விண்ணப்பத்தில் மூன்று நாள் வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். செவ்வாய், வியாழனில் வார்டைப் பார்க்க ஒப்புக்கொண்ட சக மருந்தாளர் யார், வெள்ளி டிபிஎன் கணக்கை எத்தனை மணிக்குள் முடிப்பீர்கள், விடுப்பில் போனால் மாற்று ஆள் யார் என்பதைச் சேருங்கள். பெயர்களை அழித்த, நிரப்பிய ஒப்படைப்புத் தாள் ஒன்றையும் பின்னிணைப்பாக வையுங்கள். மூன்று மாத சோதனைக் காலத்தை நீங்களே முன்வந்து கேளுங்கள்.