பலேனோவா, ஐ20-ஆ? கேள்வி பதில்

இந்த முறை பிரீமியம் ஹேட்ச்பேக் மட்டும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மாருதி பலேனோவுக்கும் ஹூண்டாய் ஐ20-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்களுடையவை. இரண்டுமே நாலு மீட்டருக்குள் அடங்கும், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் கார்கள். டேங்க்கூட இரண்டிலும் 37 லிட்டர்தான். கிரில்லையும் லைட்டையும் பார்த்துக் குழம்பாதீர்கள். கியர்பாக்ஸையும் பின் சீட்டையும் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புதுச்சாவி: அண்ணா, தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டி. இடது கால் விட்டுப்போகிறது. பலேனோ ஆட்டோமேட்டிக்கா, ஐ20 ஆட்டோமேட்டிக்கா?

இரண்டையும் ஆட்டோமேட்டிக் என்றுதான் ஷோரூமில் சொல்வார்கள், ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு சமாச்சாரம்.

பலேனோவில் இருப்பது ஏஎம்டி. மாருதி அதை ஏஜிஎஸ் என்கிறது. மேனுவல் காரில் இருக்கும் அதே ஐந்து கியர் பெட்டி, அதே மாதிரி கிளட்ச். உங்கள் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவுதான். கியர் மாறும்போது இழுவை ஒரு கணம் விட்டுப் பிடிக்கும், தலை லேசாக முன்னால் போய் வரும். ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருந்தால் இது அதிகம் தெரியும். கியர் மாறப்போகும் நேரத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்தப் பழகிவிட்டால் பாதி காணாமல் போய்விடும். மைலேஜ் மேனுவலுக்குக் குறையாது, பராமரிப்புச் செலவும் கையைக் கடிக்காது.

ஐ20-இல் ஐவிடி. சிவிடி வகைதான், ஹூண்டாய் வைத்த பெயர் அது. படிப்படியான கியர் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு சங்கிலிப் பட்டை ஓடுகிறது. கப்பிகளின் விட்டம் மாற மாற விகிதமும் மாறுகிறது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே, எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதால் பிரேக்கை விட்டதும் வண்டி வெண்ணெயாக நகரும். குறை என்னவென்றால், சட்டென்று மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் ஏறும், வேகம் பிறகு சாவகாசமாக வரும். முந்திப்போகும் ஆசை உள்ளவர்களுக்கு இது எரிச்சல் தரும்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது சேல்ஸ்மேன் காட்டுகிற காலிச் சாலையில் ஓட்டாதீர்கள். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் மேம்பால ஏற்றத்துக்குப் போங்கள். பிரேக்கை விடுங்கள், அரை வண்டி தூரம் நகருங்கள், மறுபடி நில்லுங்கள். இதையே பத்து நிமிடம் செய்யுங்கள். ஏஎம்டியில் அந்த அரை வண்டி தூரம் முழுக்கக் கிளட்ச் தேய்ந்துகொண்டுதான் நகரும். ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை வைத்தே வண்டியை நிறுத்திவைக்கிற பழக்கம் இருந்தால் கிளட்ச் சீக்கிரம் போய்விடும். உங்கள் சாலைக்கு, கூடுதல் பணம் கொடுக்க முடியுமானால், ஐவிடி. முடியாவிட்டால் பலேனோ ஏஎம்டி எடுங்கள், அந்தக் காலைத் தளர்த்தும் பழக்கத்தோடு.

மலைக்காரன்: அடிக்கடி கொடைக்கானல் போவோம். ஏஎம்டி ஏறுமா சார்?

ஏறும். கொண்டை ஊசி வளைவுகளில் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டிலேயே வைத்து ஏறுங்கள். இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

அம்மாவின் டிரைவர்: அப்பா அம்மா இருவருக்கும் மூட்டுவலி. எதில் பின் சீட் நல்லது?

அளவில் ஐ20 ஒரு படி மேல். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம், 2580 மில்லிமீட்டர், பலேனோவில் 2520. அகலமும் 1775-க்கு 1745. மூன்று பேர் உட்கார்ந்தால் தோள்பட்டையில் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் ஐ20-இன் பின் ஜன்னல் பின்னால் போகப் போக மேலே ஏறுகிறது. பிள்ளைகளுக்கு வெளியே பார்க்க வழி குறைவு, சிலருக்கு அடைத்த மாதிரி இருக்கும்.

உங்கள் சிக்கல் இடத்தில் இல்லை, உயரத்தில். இரண்டுமே தாழ்ந்த சீட். மூட்டுவலிக்காரர் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு. அப்பாவை ஷோரூமுக்கு அழைத்துப்போய் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். பலேனோவின் அடித்தளத்திலேயே கட்டிய ஃப்ராங்க்ஸ் கொஞ்சம் உயரம், அதையும் பாருங்கள்.

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வீட்டார் பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

லிட்டர்கணக்கு: எது மைலேஜ் கூடுதலாகக் கொடுக்கும்?

பலேனோ. மேனுவலுக்கு அவர்கள் அறிவித்தது லிட்டருக்கு 22.35 கி.மீ. அது சோதனைக்கூட எண், சாலையில் எதிர்பார்க்காதீர்கள். பலேனோ எடை குறைவு, அதனால் ஊருக்குள் அதன் கை ஓங்கும். நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் இடைவெளி சுருங்கிவிடும்.

தகரவிரோதி: மாருதி பானெட்டை விரலால் அழுத்தினால் குழிகிறது. ஹூண்டாய் கெட்டி. இதைச் சொல்ல மாட்டீர்களே!

சொல்கிறேன். வெளித்தகடு எந்தக் காரிலும் மெல்லியதுதான். மோதலைத் தாங்குவது அதன் கீழே இருக்கும் எலும்புக்கூடு: முன்பக்கச் சட்டங்கள், கதவோரத் தூண்கள், கதவுக்கு அடியில் ஓடும் பட்டை. பானெட்டைக் கொஞ்சம் மசிகிற மாதிரியே செய்கிறார்கள், நடந்து போகிறவர் தலை அதில் மோதினால் பிழைக்க வேண்டும் என்பதற்காக.

நட்சத்திரம் வேண்டுமா? 2025-இல் பாரத் என்கேப் என்கிற இந்திய மோதல் சோதனையில் பலேனோ பெரியவர்களுக்கு 4, குழந்தைகளுக்கு 3. நீங்கள் கெட்டி என்கிற ஐ20, 2022-இல் குளோபல் என்கேப் என்கிற சர்வதேச மோதல் சோதனையில் இரண்டுக்கும் 3. உடனே பலேனோ ஜெயித்தது என்று துள்ளாதீர்கள். அன்று சோதித்த ஐ20-இல் ஏர்பேக் இரண்டுதான். 2023 செப்டம்பரில் முகம் மாற்றிய ஐ20 வந்தபோது எல்லா ரகத்திலும் ஆறு ஆகிவிட்டது. சோதனை முறையும் வேறு. இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது.

தகரவிரோதி: கதவைச் சாத்தினால் வரும் சத்தமே சொல்லிவிடும் சார்.

அந்த 'தொம்' கதவு ரப்பரும் பூட்டும் உள்ளே ஒட்டிய அதிர்வுத் தடுப்பு அட்டையும் சேர்ந்து போடுகிற சத்தம். காதுக்கு நல்லது, மண்டைக்குச் சம்பந்தமில்லை.

டாடா பக்தன்: அப்படியானால் அல்ட்ரோஸ்? 2020-லேயே 5 நட்சத்திரம்!

உண்மை. பாதுகாப்புதான் முதல் கணக்கு என்றால் அல்ட்ரோஸை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுப்பது தப்பு. கேள்வி இரண்டு கார்களைப் பற்றி இருந்ததால் சொல்லவில்லை.

தகரவிரோதி: எடை கூட இருந்தால் பாதுகாப்பு கூடத்தானே? ஆமாம், இல்லை என்று சொல்லுங்கள்.

இரண்டு வண்டி நேருக்கு நேர் மோதினால் எடை குறைந்ததற்குத்தான் அடி அதிகம், ஆமாம். ஆனால் பலேனோவுக்கும் ஐ20-க்கும் உள்ள எடை வித்தியாசம் எதிரே வரும் லாரிக்குத் தெரியாது. சோதனையில் 64 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதவிடுகிறார்கள், உள்ளே பொம்மைகள் பெல்ட் போட்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் பின் சீட்டில் யாராவது பெல்ட் போடுகிறார்களா? அவர் பெல்ட் போடாவிட்டால் மோதலில் முன்னால் பறந்து வந்து விழுவது உங்கள் முதுகில்தான். தகரத்தைத் தட்டிப் பார்க்கிற நேரத்தில் பின் பெல்ட்டை மாட்டிப் பாருங்கள், நடு சீட்டுக்கும் தோளில் விழுகிற பெல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வாதம் இத்தோடு போதும்.

கேஸ்பார்ட்டி: சி.என்.ஜி?

பலேனோவில் கம்பெனியே கொடுக்கிறது. ஐ20-இல் இல்லை, வெளியில் மாட்டினால் வாரண்டிக்கு வில்லங்கம். 318 லிட்டர் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்தால் ஊருக்குப் போகும் பெட்டிகள் மடியில்தான். சக்தியும் 90-லிருந்து 77 குதிரைத்திறன் சுமாருக்கு இறங்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை கட்டாயம்.

வேகன்: ப்ரோ, ஐ20 'N Line' டர்போ டிசிடி, சிட்டிக்கு ஓகேவா?

120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர். ஓட்டுவதற்கு இந்தக் கூட்டத்திலேயே சுகமானது. ஆனால் அந்த ஏழு கியர் டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், உலர் கிளட்ச் வகை, ஊர்ந்துகொண்டே இருந்தால் சூடாகும். நெரிசல்தான் உங்கள் தலையெழுத்து என்றால் வேண்டாம். அதிலேயே ஆறு கியர் மேனுவல் இருக்கிறது, வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர் அதை எடுக்கலாம்.

கிளான்சா ரசிகை: டொயோட்டா கிளான்சா பலேனோவை விட உறுதியா?

அதே கார், வேறு முத்திரை. எந்த சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டுக்குப் பக்கமோ, அது.

மைலேஜ்மணி: சார் மைலேஜ் எதில் அதிகம்?

மேலே லிட்டர்கணக்குக்குச் சொன்ன பதில்.

குழப்பவாதி: வரி குறைந்ததால் விலை குறையுமா, காத்திருக்கலாமா?

குறைந்தாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முன்பு செஸ்ஸோடு 29. இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

முதல்கார்: நேற்றே புக் பண்ணிவிட்டேன். மனைவி இன்னும் பார்க்கவில்லை, சர்ப்ரைஸ்!

பின் சீட் பற்றி நான் சொன்னதைப் படித்தீர்களா? இன்றே அழைத்துப்போய் உட்கார வையுங்கள்.

முதல்கார்: சரி சார். டெலிவரியில் என்ன பார்க்க வேண்டும்?

டெலிவரியில் பார்த்துப் பிரயோஜனமில்லை, பதிவுக்கு முன்னால், டீலர் வண்டிகளை நிறுத்திவைத்திருக்கும் யார்டிலேயே பாருங்கள். பதிவாகிவிட்டால் வண்டி உங்கள் பெயரில், பேரம் முடிந்தது. பகல் வெளிச்சத்தில் போங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 1525 என்றால் 2025-இன் 15-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்திலும் படியுங்கள். சேசிஸ் எண்ணைப் படம் எடுத்து இன்வாய்ஸோடு ஒத்துப்பாருங்கள். பெயின்ட்டைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பாருங்கள், திருப்பி அடித்த இடம் பளபளப்பில் மாறும். இன்ஷூரன்ஸ் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வெளியிலும் விலை கேளுங்கள். டெஃப்லான் கோட்டிங், சீட் கவர், மேட் எல்லாம் சேர்ந்த 'பேக்கேஜ்' வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். நீட்டித்த வாரண்டி மட்டும் வாங்குங்கள்.

எண்ணெய்: ஐ20 டீசல்?

புதிதாக இல்லை, 2023-லேயே நிறுத்திவிட்டார்கள். டீசல் ஹேட்ச்பேக்தான் வேண்டுமென்றால் அல்ட்ரோஸ். பழைய ஐ20 டீசல் கேட்பவர்கள் அடுத்த முறை வாருங்கள், அது செகண்ட் ஹேண்ட் கார்களுக்கென்று வைத்திருக்கிறேன்.