வெடிமருந்துக் கிடங்கு: கேட்டவர்களுக்கு என் பதில்

ராணுவ வெடிமருந்துக் கிடங்கில் 28 வருடம் இருந்தவன் என்பதால், தண்டையார்பேட்டை வாசகசாலையில் என்னைக் கேள்வி கேட்டார்கள்.

திருவொற்றியூர் தம்பி: ஐயா, கிடங்கை ஏன் மலைப் பள்ளத்தாக்கில் வைக்கிறார்கள்?

வெடித்தால் மலை தாங்கும் என்ற நம்பிக்கைதான். மலையை நம்பிக் கெட்ட ஊரும் உண்டு. சுவிட்சர்லாந்தில் காண்டர் பள்ளத்தாக்கில் மிட்ஹோல்ஸ் என்று ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே மலையைக் குடைந்து கிடங்கு கட்டினார்கள். உள்ளே சுமார் 7000 டன் வெடிபொருள் இருந்தது. 1947 டிசம்பர் 19 இரவு அதில் 3000 டன் வெடித்தது. பாறைச் சுவரே பெயர்ந்து விழுந்தது, 9 பேர் செத்தார்கள். மிச்சத்தில் சுமார் 3500 டன் இன்னும் இடிபாட்டுக்குள் கிடக்கிறது. ஜனங்கள் வீட்டைத் திரும்பக் கட்டி அங்கேயே வாழ்ந்தார்கள். ராணுவமும் அதே குகையில் வீரர்களைத் தங்கவைத்தது. ஆபத்து நினைத்ததைவிடப் பெரிது என்று 2018-ல்தான் சொன்னார்கள். அள்ளி முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று 2020-ல் தெரிவித்தார்கள். எழுபது வருடம் அதன் பக்கத்தில் பிள்ளை பெற்று வளர்த்தவர்களிடம்! எந்தச் சுவரும் தூரத்துக்கு ஈடாகாது.

வியாசர்பாடி அம்மா: உள்ளே எப்படி வைப்பீர்கள்?

குண்டு ஒரு கட்டடம், அதை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டர் வேறு கட்டடம், நடுவில் மண்மேடு. வாசலில் தீப்பெட்டியையும் செல்போனையும் கொடுத்துவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவோம். காலையில் முதல் வேலை, வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது. குண்டைத் தள்ளிவிடும் உந்துமருந்து பழசானால் தானாகவே சூடேறும்.

காசிமேடு அண்ணன்: வலையில் துருப்பிடித்த குண்டு வந்தால்?

தட்டிப் பார்க்காதீர்கள், படகில் ஏற்றாதீர்கள். வலை போனாலும் அறுத்துவிடுங்கள். இடத்தைக் குறித்து 1554-க்குச் சொல்லுங்கள், கடலோரக் காவல்படை.

மணலி தம்பி: 2020-ல் எங்கள் மணலியில் இருந்த அமோனியம் நைட்ரேட், அந்த உர உப்பு வெடிக்குமா?

சுமார் 700 டன், 2015-ல் பறிமுதல் செய்தது. தனியாகச் சட்டென்று வெடிக்காது. அடைத்த இடத்தில் தீயும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். ஆகஸ்ட் 4-ல் லெபனான் நாட்டு பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு 2750 டன் வெடித்த பிறகுதான் இதை ஐதராபாத்துக்கு ஏற்றினார்கள்.

எர்ணாவூர் சார்: மணலியில் கம்பெனி முதலில் வந்தது. ஜனங்கள் அப்புறம் வந்து பக்கத்தில் குடியேறினால் யார் தப்பு?

இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969-ல். மணலி அதற்கு எத்தனையோ காலம் முந்திய ஊர்.

அவர் விடவில்லை: புதுசாக வந்தவர்களும் இருக்கிறார்களே?

இருக்கட்டும். மனை போட அனுமதி கொடுத்தது அவர்களா? வெடிபொருளின் எடை எட்டு மடங்கானால் வீடுகள் இருக்கவேண்டிய தூரம் இரண்டு மடங்கு வேண்டும், இதுதான் கணக்கு. நடுவில் உள்ள அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பது சரக்கை வைப்பவன் பொறுப்பு.

மணலி தம்பி கைதட்டினார். எர்ணாவூர்க்காரர் வேலை போய்விடுமே என்றார். அந்தக் கவலை நியாயம்தான். அதற்காகக் கணக்கு மாறாது. அரை மணி நேரம் இதிலேயே போனது.

கொருக்குப்பேட்டை தம்பி: பட்டாசுக் கடை லைசென்ஸ்?

தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள்.

காசிமேட்டிலிருந்து இன்னொருவர்: குண்டு காலியாக இருந்தால் பித்தளையை மட்டும் கழற்றிக்கொள்ளலாமா?

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். காலியா இல்லையா என்று வெளியே பார்த்து எனக்கே தெரியாது. தொடாதீர்கள்.